பள்ளிக்கு வர்ற பணம், பில்டிங், டீச்சர் டிரெய்னிங்: தமிழ்நாட்டு அரசுப் பள்ளி பெற்றோர் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளில எஸ்எம்சி மெம்பர், அதாவது பள்ளி மேலாண்மைக் குழு. பையன் அங்கதான் படிக்கிறான். சாயங்காலம் பள்ளி கேட் பக்கத்துல நின்னா நாலு பேராவது வந்து பேப்பர்ல அப்படி போட்டிருக்கே, டிவில இப்படி சொன்னாங்களேன்னு கேப்பாங்க. திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா சௌரியம்னு உக்காந்துட்டேன். 2025 வரைக்கும் நடந்தத வச்சு எழுதுனது.

பட்ஜெட்ல பள்ளிக்கல்விக்கு 46,767 கோடின்னு போட்டாங்களே, நம்ம பள்ளிக்கு ஒரு பெயிண்ட் டப்பா கூட வரலயே, அவ்ளோ பணமும் எங்க போகுது?

அது 2025-26 பட்ஜெட் கணக்கு. அதுக்கு முந்தின வருஷம் 44,042 கோடி, அதுக்கும் முந்தி 40,299 கோடி. வருஷா வருஷம் ஏறுதுதான், பொய் இல்ல. ஆனா இதுல பெரும்பங்கு சம்பளம். 37 ஆயிரத்துக்கும் மேல அரசுப் பள்ளி இருக்கு, போதாததுக்கு உதவி பெறும் பள்ளி டீச்சர்களுக்கும் சம்பளம் அரசுதான் குடுக்குது. அதுக்கப்புறம் புக்கு, யூனிஃபார்ம், சைக்கிள், பஸ் பாஸ்னு போயிடும். சம்பளத்த வெட்டிச் செலவுன்னு சொல்லிடாதீங்க, டீச்சர் இல்லாம பில்டிங் மட்டும் இருந்து என்ன பண்றது. நான் சொல்ல வர்றது என்னன்னா அந்தப் பெரிய நம்பருக்கும் நம்ம பள்ளி பீரோவுல இருக்குற பாஸ்புக்குக்கும் நேரடி சம்பந்தம் ரொம்பக் கம்மி.

அப்போ பள்ளி கைக்குன்னு வர்ற பணம் எது?

பள்ளி மானியம்னு ஒண்ணு இருக்கு. சமக்ர சிக்ஷா திட்டத்துல வருது, நம்ம ஊர்ல ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வின்னு போர்டுல எழுதியிருக்கும். எத்தன பிள்ளைங்க படிக்கிறாங்கங்கறத வச்சுதான் தொகை. 30 பேர் வரைக்கும்னா வருஷத்துக்கு 10,000 ரூபா, 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, 1000 வரைக்கும் 75,000, அதுக்கு மேல போனா 1 லட்சம். இதுல குறைஞ்சது பத்துல ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்குன்னு ஒதுக்கியே ஆகணும்.

100 பிள்ளைங்க இருக்குற பள்ளிக்கு 25,000, 101 இருந்தா 50,000. ஒரே ஒரு பிள்ளைல தொகை டபுள். ஜூன் மாசம் டீச்சருங்க வீடு வீடா வந்து பிள்ளைய சேருங்கன்னு கேக்குறப்ப சும்மா கணக்கு காட்ட வர்றாங்கன்னு சிரிக்காதீங்க, அந்த ஒரு அட்மிஷன்ல ஒரு வருஷத்துப் பராமரிப்பே அடங்கியிருக்கு.

இந்தப் பணத்துலதான் சாக்பீஸ், ரெஜிஸ்டர், உடைஞ்ச குழாய், ஃபேன் ரிப்பேர், கரண்ட், இன்டர்நெட்டுன்னு அத்தனையும் பாக்கணும். 10,000 ரூபாய மாசக் கணக்காப் போட்டா 833 ரூபா வருது, ஒரு பிளம்பர கூப்டா முடிஞ்சு போச்சு. இது போக விளையாட்டு சாமானுக்கு தொடக்கப் பள்ளின்னா 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை மேல்நிலைக்கு 25,000 வரைக்கும் தனியா உண்டு. நூலகத்துக்கும் தனி.

அந்தப் பணமாச்சும் டைமுக்கு வருதா?

நீங்களே பாத்திருப்பீங்க. ஜூன்ல தேவைப்படுறது ஜனவரில வரும், வந்ததும் மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணி பில்லு வைங்கம்பாங்க.

2021-ல இருந்து முறையும் மாறிடுச்சு. முன்னாடி பணம் பள்ளி கணக்குல வந்து உக்காந்திருக்கும். இப்போ மாநிலத்துக்கு ஒரே மையக் கணக்கு, பள்ளி கணக்குல இருப்பு ஜீரோ, இவ்ளோ வரைக்கும் எடுத்துக்கலாம்னு ஒரு வரம்பு மட்டும் காட்டும். வருஷக் கடைசில அந்த வரம்ப எடுத்துட்டாங்கன்னா போச்சு. அதனால எஸ்எம்சி கூட்டத்துல பேலன்ஸ் எவ்ளோன்னு கேட்டா ஜீரோன்னுதான் ஹெச்எம் சொல்வாங்க, அதுல தப்பில்ல. வரம்பு எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ எடுத்தீங்கன்னு கேளுங்க, அப்பதான் சரியான பதில் வரும்.

மத்திய அரசு பணம் தரலன்னு ஒரு சண்டை ஓடுச்சே, அது என்ன?

அரசியல் பக்கம் சாயாம சொல்லப் பாக்குறேன்.

சமக்ர சிக்ஷா 2018-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த சர்வ சிக்ஷா அபியான், உயர்நிலைப் பள்ளிகளுக்கான திட்டம், ஆசிரியர் கல்வித் திட்டம் மூணையும் ஒண்ணாக்குனாங்க. செலவுல மத்திய அரசு 60, மாநிலம் 40. இதோட ரெண்டாம் கட்டம் 2021-22-ல இருந்து 2025-26 வரைக்கும், நாடு முழுக்க மொத்தம் 2,94,283 கோடி.

2022-ல பி.எம். ஸ்ரீன்னு இன்னொரு திட்டம் வந்துச்சு, நாடு முழுக்க 14,500 பள்ளிய மாதிரிப் பள்ளியா ஆக்கறதுக்கு. அதுல சேரணும்னா மாநிலம் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும், அந்த ஒப்பந்தத்துலயே 2020 தேசிய கல்விக் கொள்கைய அமல் பண்றோம்னு இருக்கு. தமிழ்நாடு போடல, மும்மொழிய ஏத்துக்க முடியாது எங்களுக்கு இருமொழிதான்னு சொன்னாங்க. சமக்ர சிக்ஷாவே அந்தக் கொள்கையோட இணைஞ்சதுதான், அதனால கையெழுத்து வேணும்ங்கறது மத்திய அரசு பக்கத்து வாதம். ரெண்டும் வேற வேற திட்டம், ஒண்ணக் காட்டி இன்னொண்ண நிறுத்தக் கூடாதுங்கறது மாநிலத்தோட வாதம். இந்த இழுபறில 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி நின்னு போச்சு. பணத்த நிறுத்தறது நியாயம் இல்லன்னு 2025-ல நாடாளுமன்ற நிலைக்குழுவும் சொல்லுச்சு. அப்பவும் வரல, 2025 மே மாசம் தமிழ்நாடு வட்டியோட சேத்து 2,291 கோடி கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு.

இதுல கீழ இருக்குற நமக்கு எங்க இடிக்கும்னா, பள்ளி மானியம், பகுதி நேர ஆசிரியர் சம்பளம், மாற்றுத் திறனாளி பிள்ளைங்களுக்கான சிறப்பாசிரியர், டீச்சர் டிரெய்னிங் எல்லாம் இந்தத் தலைப்புலதான் வருது. டெல்லில நின்ன பணத்துக்கு நம்ம பள்ளி குழாய் ஒழுகுது. யார் மேல தப்புங்கறத உங்க விருப்பத்துக்கே விட்டுடறேன்.

தனியார் பள்ளில இலவச சீட்டு, அந்த 25 சதவீதம், அதுவும் இதுலதான் நின்னுச்சா?

ஆமா. கல்வி உரிமைச் சட்டத்துல அதுக்கான ஃபீஸ அரசு பள்ளிக்குக் குடுக்கணும், அந்தப் பணமும் இந்தத் தலைப்புலதான். 2025-26-க்கு வழக்கமா கோடைலயே ஆரம்பிக்கிற சேர்க்கை அக்டோபர்ல போய்தான் ஆரம்பிச்சுது. பாதி வருஷம் ஓடிருச்சு.

அமைச்சர் சட்டசபைல நம்ம மாவட்டத்துக்கு புது வகுப்பறைன்னு அறிவிச்சாரு, எப்ப கட்டுவாங்க?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம். நானும் ஒரு தடவ ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டு ரெண்டு வருஷம் முழிச்சேன்.

அறிவிப்பு வந்தா பணம் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. சட்டசபைல மானியக் கோரிக்கை நடக்குறப்ப அமைச்சர் வரிசையா அறிவிப்பு வாசிப்பாரு, மறுநாள் பேப்பர்ல கட்டம் கட்டி வரும். அது ஒரு வாக்குறுதி, அவ்ளோதான். அப்புறம் துறைல இருந்து அரசாணை வரணும், ஜி.ஓ.ன்னு சொல்வாங்கள்ல அதுதான். அதுல நம்பர், தேதி, எத்தன கோடி, எந்தத் தலைப்புல செலவுன்னு இருக்கும். சில ஜி.ஓ.வுல பள்ளிகளோட பேர் பட்டியலே பின்னாடி இணைச்சிருப்பாங்க. நம்ம பள்ளி பேர் அதுல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்த அறிவிப்பு நமக்கு இல்ல.

ஜி.ஓ. வந்ததும் நிர்வாக அனுமதி. அடுத்து இன்ஜினியர் வந்து அளந்து மதிப்பீடு போட்டு தொழில்நுட்ப அனுமதி. அதுக்கப்புறம் டெண்டர், டெண்டர் எடுத்தவருக்கு பணி ஆணை, அப்புறம்தான் ஜல்லி வந்து கொட்டுவாங்க. இதுல எங்க வேணாலும் நிக்கும். மதிப்பீடு போட்டப்ப இருந்த சிமென்ட் கம்பி விலை டெண்டர் நேரத்துல ஏறிடும், யாரும் எடுக்க மாட்டாங்க, மறு டெண்டர். இல்லன்னா இடம் புறம்போக்கா பள்ளி பேர்ல இருக்காங்கற பிரச்சன. இல்லன்னா தேர்தல் தேதி அறிவிச்சுருவாங்க, நடத்தை விதி வந்தா புதுசா வேலை ஆரம்பிக்க முடியாது.

ஆக யாராவது உங்க பள்ளிக்கு பில்டிங் சாங்ஷன் ஆயிடுச்சுன்னு சொன்னா உடனே கேளுங்க, ஜி.ஓ.வா, நிர்வாக அனுமதியா, டெண்டரா, பணி ஆணையா? பதில் சொல்லத் தெரியாம முழிச்சாருன்னா அவரும் பேப்பர்லதான் படிச்சிருக்காரு.

பேராசிரியர் அன்பழகன் திட்டம்னு சொல்றது?

அரசுப் பள்ளி கட்டடங்களுக்குன்னே மாநில அரசு போட்டது. 5 வருஷத்துல 7,000 கோடின்னு 2022-ல அறிவிச்சாங்க. புது வகுப்பறை, லேப், கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் இதுக்குள்ள வரும். 7,000 கோடின்னா பெருசாத் தெரியும், 37 ஆயிரம் பள்ளிக்கு வகுத்துப் பாத்தா ஒரு பள்ளிக்கு 19 லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் வருது, அதுவும் 5 வருஷத்துக்கு. அதனால எல்லா பள்ளிக்கும் கிடைக்காது, ரொம்ப மோசமா இருக்குறத முதல்ல எடுப்பாங்க. நம்ம பள்ளி மோசம்ங்கறது அங்க பதிவாகியிருக்கணும்ல, அதுக்குத்தான் எமிஸ்ல (பள்ளி விவரமெல்லாம் ஏத்துற அரசு ஆன்லைன் பதிவு) என்ன ஏத்தியிருக்காங்கன்னு பாக்கச் சொல்றேன். உடைஞ்ச கழிப்பறைய நல்லா இருக்குன்னு ஏத்தி வச்சிருந்தா ஒரு பைசா வராது.

கட்டடம் பத்தி மனு யார்கிட்ட குடுக்கணும்? ஹெச்எம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ங்கறாங்க, அங்க போனா கல்வித் துறைங்கறாங்க.

கட்டடம் யாருதுன்னு தெரிஞ்சாதான் இதுக்கு முடிவு வரும். கிராமத்துல இருக்குற தொடக்க, நடுநிலைப் பள்ளி பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. டீச்சர் கல்வித் துறை, ஆனா கட்டடம் ஒன்றியத்தோடது. அதனால கட்டுறது, இடிக்கிறது, ரிப்பேர் எல்லாம் பி.டி.ஓ. ஆபீஸ், ஊரக வளர்ச்சித் துறை. உயர்நிலை, மேல்நிலைன்னா பள்ளிக்கல்வித் துறையே பாக்கும், பொதுப்பணித் துறை கட்டும், பணம் நிறைய நேரம் நபார்டு வங்கிக் கடன்ல வரும். டவுன்ல மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளின்னா அந்தந்த உள்ளாட்சி. உதவி பெறும் பள்ளின்னா கட்டடம் நிர்வாகத்தோட பொறுப்பு, அரசு சம்பளம்தான் குடுக்கும்.

எங்க பள்ளி பின்பக்கச் சுவர்ல விரிசல் விட்டப்ப ஒரு ஆபீஸ்ல மனு குடுத்தோம், அடுத்த ஆபீஸுக்கு அனுப்பிட்டோம்னாங்க, அடுத்த ஆபீஸ்ல எங்களுக்கு வரவே இல்லன்னாங்க. எட்டு மாசம். கடைசில எஸ்எம்சி தீர்மானம் போட்டு, அதோட நகல வச்சு ரெண்டு ஆபீஸுக்கும் ஒரே நாள்ல குடுத்து, ரெண்டு மனுவுலயும் இன்னொருத்தருக்கும் குடுத்திருக்கோம்னு எழுதுனோம். அப்புறம்தான் இன்ஜினியர் வந்தாரு.

பழைய கட்டடம் ஆபத்தா இருக்கு, உள்ள உக்கார வைக்கிறாங்க. என்ன பண்றது?

இத தள்ளிப் போடாதீங்க. 2004 ஜூலை 16 கும்பகோணம் யாரும் மறந்திருக்க மாட்டோம், கூரை கொட்டகைல தீ புடிச்சு 94 பிள்ளைங்க. அதுக்கப்புறம்தான் பள்ளில ஓலைக் கூரை கூடாதுன்னு ஆச்சு. 2021 டிசம்பர்ல திருநெல்வேலில ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு 3 பசங்க போயிட்டாங்க, அதுக்கப்புறம் மாநிலம் முழுக்க பழைய கட்டடங்கள கணக்கெடுத்து இடிக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவயும் உத்தரவு பிள்ளைங்க போனதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

முதல்ல ஹெச்எம்கிட்ட எழுத்துல குடுங்க, வாயால சொன்னா நிக்காது. அந்த ரூம பூட்டச் சொல்லுங்க, மரத்தடில உக்காந்து படிச்சாலும் பரவால்ல. விரிசல தேதியோட போட்டோ எடுங்க. வட்டாரக் கல்வி அலுவலர், பி.டி.ஓ. ரெண்டு பேருக்கும் நகல். ஒரு வாரத்துல அசையலன்னா திங்கட்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல போய்க் குடுங்க, மனுவுக்கு நம்பர் போட்டு ரசீது தருவாங்க, அத பத்திரமா வச்சுக்குங்க.

இன்னொண்ணு, இடிக்கிறது சீக்கிரம் நடந்துரும், கட்டுறதுக்குத்தான் வருஷக்கணக்கு. இடிக்கிறப்பவே மாற்று இடம் எது, புதுசுக்கு மதிப்பீடு போட்டாச்சான்னு கேட்டு வச்சுக்குங்க. கேக்காம விட்ட ஊர்ல ரெண்டு கிளாஸ் ஒரே ரூம்ல முதுகு முதுகா உக்காந்து படிக்குது.

சட்டப்படி ஒரு பள்ளில என்னென்ன இருக்கணும்?

கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அதோட அட்டவணைல இருக்கு: டீச்சர் ஒருத்தருக்கு ஒரு வகுப்பறையாவது, ஹெச்எம் ரூம், ஆண் பெண் பிள்ளைங்களுக்குத் தனித்தனி கழிப்பறை, குடிக்கத் தண்ணி, மதிய உணவு சமைக்க கிச்சன், விளையாட இடம், சுற்றுச்சுவர், மாற்றுத் திறனாளி பிள்ளைங்க வர சாய்தளம். தொடக்கப் பள்ளில 30 பேருக்கு ஒரு டீச்சர், 6-ல இருந்து 8 வரைக்கும் 35 பேருக்கு ஒருத்தர். மனு எழுதுறப்ப "தயவுகூர்ந்து கட்டித் தரவும்"னு மட்டும் எழுதாம இந்தச் சட்டத்து பேரையும் ஒரு வரி சேருங்க.

ஊர்க்காரங்க, பழைய மாணவர்கள் சேந்து பணம் குடுக்கலாமா?

தாராளமா. 2022 டிசம்பர்ல நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளின்னு ஆரம்பிச்சாங்க, கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு குடுக்குற சிஎஸ்ஆர் பணம், முன்னாள் மாணவர் பணம் ரெண்டும் அது வழியா எந்தப் பள்ளிக்கு எந்த வேலைக்குன்னு குறிச்சே குடுக்கலாம். கையில காசா குடுக்காதீங்க, எவ்ளோ நல்ல ஹெச்எம்மா இருந்தாலும் சரி, நாளைக்கு ஆடிட்ல அவங்கதான் மாட்டுவாங்க. எம்.எல்.ஏ. தொகுதி நிதிக்கும் கேக்கலாம், ஒரு தொகுதிக்கு வருஷம் 3 கோடி.

ஸ்மார்ட் கிளாஸ் வந்துச்சு, ஓடல.

தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் கிளாஸ்னு போட்டாங்க. பல இடத்துல நெட்டு இல்ல, கரண்டு இழுக்கல. ரிப்பேருக்கு யார கூப்புடணும்னு வாரண்டி பேப்பர்ல இருக்கும், ஹெச்எம்கிட்ட கேளுங்க.

டீச்சர் எப்பப் பாத்தாலும் டிரெய்னிங்னு போயிடறாங்க, பாடம் யார் எடுக்குறது?

கோவப்படுறதுல நியாயம் இருக்கு, ஆனா பாதிதான். டிரெய்னிங் எப்படி இறங்கி வருதுன்னு பாருங்க: மேல எஸ்சிஇஆர்டி (மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்), மாவட்டத்துல டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்), ஒன்றியத்துல வட்டார வள மையம் (பிஆர்சி), அதுக்குக் கீழ குறுவள மையம் (சிஆர்சி). டீச்சர் சிஆர்சி போறேன்னு சொன்னா பக்கத்து ஊர் பள்ளில பத்து இருவது பள்ளி டீச்சருங்க ஒண்ணா உக்காருவாங்க.

எண்ணும் எழுத்தும் 2022 ஜூன்ல ஆரம்பிச்சுது. கொரோனால ரெண்டு வருஷம் பள்ளி மூடி, மூணாங்கிளாஸ் வந்த பிள்ளைக்கு அ ஆ தெரியாத நிலைம. முதல்ல 1-ல இருந்து 3, அப்புறம் 4, 5-க்கும் வந்துச்சு. பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மட்டம் பிரிச்சு அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுக்கணும், அதுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் டீச்சருக்கு டிரெய்னிங் வேணும். என் பையனுக்கு அதுல பலன் இருந்துச்சு, பாட்டும் ஆட்டமுமா வாசிக்கக் கத்துக்கிட்டான். எனக்குக் குறை என்னன்னா ஈராசிரியர் பள்ளி. 5 கிளாஸுக்கு 2 டீச்சர், அதுல ஒருத்தர் டிரெய்னிங், இன்னொருத்தர் எமிஸ்ல ஏத்திட்டு உக்காந்திருப்பாரு. டிரெய்னிங் வைக்கிறப்பவே பதிலுக்கு ஆள் யாருன்னு யோசிச்சா பாதி சண்டை வராது.

சட்டப்படி டீச்சர படிப்பு சம்பந்தம் இல்லாத வேலைக்கு அனுப்பணும்னா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல், இந்த மூணுக்குத்தான்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணாத டீச்சர்லாம் வேலைய விட்டு போகணுமாமே?

உடனே இல்ல. 2025 செப்டம்பர் 1 சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அது. 1-ல இருந்து 8 வரைக்கும் எடுக்குற டீச்சர், ரிட்டயர்மென்ட்டுக்கு 5 வருஷத்துக்கு மேல இருந்தா 2 வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும், இல்லன்னா வேலைல தொடர முடியாது. 5 வருஷத்துக்குக் கம்மியா இருக்குறவங்க அப்படியே தொடரலாம், ஆனா புரமோஷன் வேணும்னா பாஸ் பண்ணித்தான் ஆகணும். சிறுபான்மைப் பள்ளி விஷயத்த பெரிய அமர்வுக்கு அனுப்பிட்டாங்க. தமிழ்நாடு அரசு மறு சீராய்வு மனு போட்டுச்சு.

பரீட்சை 150 மார்க், பாஸுக்கு பொதுப் பிரிவு 90. 1-ல இருந்து 5 எடுக்குறவங்களுக்கு தாள் ஒண்ணு, 6-ல இருந்து 8-க்கு தாள் ரெண்டு. இருவது வருஷமா பாடம் எடுத்தவங்க சாயங்காலம் பிள்ளைங்க நோட்ட திருத்தி முடிச்சுட்டு கைடு வச்சுப் படிக்கிறாங்க. உங்க பிள்ளையோட டீச்சர் கொஞ்சம் சிடுசிடுன்னு இருந்தா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

எஸ்எம்சில நான் இருக்கேன், கையெழுத்து மட்டும் வாங்கிட்டு போறாங்க. எனக்கு என்ன அதிகாரம்?

கமிட்டில முக்கால்வாசி பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்கள், சட்டத்துலயே இருக்கு. வளர்ச்சித் திட்டம் தயார் பண்றதும் மானியம் எப்படிச் செலவாச்சுன்னு கண்காணிக்கிறதும் உங்க வேலை, ஹெச்எம் மனசு வச்சு குடுக்குற சலுகை இல்ல. தீர்மான நோட்டப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. படிக்கத் தெரியாத அம்மாவா இருந்தா சத்தமா வாசிக்கச் சொல்லுங்கக்கா, அதுல ஒரு வெக்கமும் இல்ல.

எல்லாம் பண்ணியும் பதில் இல்லன்னா?

ஆர்டிஐ போடுங்க, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. வெள்ளத்தாள் போதும், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க, சம்பந்தப்பட்ட ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்குன்னு முகவரி. 30 நாள்ல பதில் தரணும், வரலன்னா மேல்முறையீடு. "ஏன் கட்டல"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்கறதுக்கு பதில் வராது. இந்தப் பள்ளி வகுப்பறைக்கு நிர்வாக அனுமதி நம்பர் தேதி என்ன, மதிப்பீட்டுத் தொகை எவ்ளோ, டெண்டர் தேதி என்ன, இதோட நகல் வேணும்னு கேளுங்க.

நாங்க போட்டதுக்கு 27-வது நாள் தபால் வந்துச்சு, 6 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபா வீதம் 12 ரூபா கட்டுனோம். மூணாவது பக்கத்துல எங்க பள்ளி பேரே தப்பா இருந்துச்சு, பக்கத்து ஊர் பேரப் போட்டு மதிப்பீடு தயார் பண்ணி வச்சிருந்தாங்க. அதத் திருத்த இப்ப ஒரு மனு ஓடிட்டு இருக்கு.